பன்னிரண்டு நாளில் ஒரு நாடகம்

போன மாதம் பேத்தி போன் செய்தாள். அவள் கல்லூரியில் தமிழ் மன்ற விழாவாம். "தாத்தா, எங்களை நாடகம் போடச் சொல்லிட்டாங்க. ஒன்பது நாள்தான் இருக்கு. நீங்க ஆபீஸ்ல நாடகமெல்லாம் போட்டிருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு. ஒன்பது நாள்ல முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். அரை மணி நேரம் பேசினேன். அவள் எழுதிக்கொண்டாள். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

1983ஆம் ஆண்டு. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எல்.டி.சி. எங்கள் ஊழியர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து ஒரு நாடகக் குழு வருவதாக ஏற்பாடு. விழா ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரத் திங்கட்கிழமை காலையில் அந்தக் குழு வர முடியாது என்று தகவல் வந்தது. மன்றச் செயலாளர் என் மேசைக்கு வந்து நின்றார். "நீங்கதான் டீ குடிக்கும்போதெல்லாம் மொலியேர் மொலியேர்னு சொல்லுவீங்களே, ஒண்ணு போடுங்களேன்" என்றார். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு நாள். நான் உடனே சரி என்றேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. அந்த வயதில் எதற்கும் சரி என்போம்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பது இங்கே பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் 'ரெசித்தாசியோன்' உண்டு. கரும்பலகைக்கு முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை முசே முன்னால் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து. பத்து வருடம் இப்படிப் போனதால் மனப்பாடம் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் நடந்த தவறுக்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

நாடகம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பள்ளியில் வாங்கிய சின்ன லரூஸ் பதிப்பு வீட்டில் இருந்தது. 1666இல் பாரிஸில் முதலில் மேடையேறிய 'லெ மெத்சேன் மால்க்ரே லுய்'. விருப்பமில்லாமல் வைத்தியனாகிப்போன ஒரு விறகுவெட்டியின் கதை. பெண்டாட்டியை அடிக்கிறான் விறகுவெட்டி. அவள் பழிவாங்க நினைக்கிறாள். பணக்கார வீட்டுப் பெண்ணுக்குப் பேச்சு நின்றுபோய், வைத்தியர் தேடி அலையும் இரண்டு வேலைக்காரர்களிடம், "என் புருஷன் பெரிய வைத்தியர், ஆனால் நாலு உதை கொடுத்தால்தான் ஒத்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுகிறாள். அவர்களும் உதைக்கிறார்கள், அவனும் ஒத்துக்கொள்கிறான். பெண்ணுக்கு நோயே இல்லை. அப்பா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் பிடிக்காமல் ஊமை வேஷம் போடுகிறாள். வைத்தியன் இதயத்தை இடம் மாற்றிச் சொல்லுவதும், கடைசியில் பெண் பேச ஆரம்பித்து நிறுத்தாமல் போக, அப்பன்காரனே மறுபடி ஊமையாக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் எந்த ஊரிலும் சிரிப்பு வரும் இடங்கள்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கினேன். 'உதை வாங்கிய வைத்தியர்' என்று பெயர். குறைந்த நாளில் நாடகம் போடுகிறவன் முதலில் எடுக்க வேண்டியது கத்தரிக்கோல். மூலத்தில் பதினொரு பாத்திரங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்க வரும் பக்கத்து வீட்டுக்காரர், மருந்து கேட்டு வரும் குடியானவனும் மகனும், பணக்காரர் வீட்டுத் தாதி, இந்த நான்கு பேரையும் எடுத்துவிட்டேன். தாதி பேசும் நல்ல பேச்சுகளை வேலைக்காரனுக்குக் கொடுத்தேன். ஏழு பேர், முக்கால் மணி நேரம். ஏழு பேரைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ப்பதே பெரிய காரியம் என்பது அலுவலக நாடகம் போட்டவர்களுக்குத் தெரியும்.

ஒத்திகை சாயங்காலம் ஆறு மணிக்கு, சாப்பாட்டு அறையில். ஏழரைக்கு முடித்துவிட வேண்டும். நடிக்க ஒத்துக்கொண்ட இரண்டு பெண்களில் ஒருவர் பாகூர் பஸ் பிடிக்க வேண்டும். புதன்கிழமை தொடங்கி, நடுவில் ஒரு ஞாயிறு போக, ஒன்பது ஒத்திகை. ஒன்றரை மணி நேரம் வீதம் பதின்மூன்றரை மணி நேரம். ஒரு நிமிட நாடகத்துக்குப் பதினெட்டு நிமிட ஒத்திகை. குமாஸ்தா புத்தி, முதல் நாளே இதைக் கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வசனத்தைக் கார்பன் தாள் வைத்து டைப் அடித்தோம். முழு நாடகமும் இரண்டே படி, ஒன்று எனக்கு, ஒன்று பிராம்ட்டருக்கு. மற்றவர்களுக்கு அவரவர் வசனமும், அதற்கு முன்னால் மற்றவர் பேசும் கடைசி மூன்று நான்கு சொற்களும் மட்டும். இதனால் தாள் மிச்சம். இன்னொரு லாபமும் உண்டு. மற்றவர் என்ன பேசப்போகிறார் என்று தெரியாததால் காது கொடுத்துக் கேட்பார்கள். முழுப் பிரதியைக் கையில் கொடுத்தால் அடுத்தவன் பேசும்போது தன் முறை எப்போது என்று தாளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் ஒத்திகையில் கடைசிக் காட்சியை நடத்தினேன். எல்லோருக்கும் ஆச்சரியம். அமெச்சூர் நாடகங்களில் முதல் காட்சி நூறு தடவை ஒத்திகை ஆகியிருக்கும், கடைசிக் காட்சிக்கு வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எத்தனையோ நாடகங்கள் ஜோராகத் தொடங்கி நொண்டிக்கொண்டு முடியும். இதைப் பேத்தியிடமும் அழுத்திச் சொன்னேன்.

விறகுவெட்டிக்கு எங்கள் பியூன். கருவடிக்குப்பத்துக்காரர். அந்தப் பெயரைக் கேட்டாலே நாடகக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள், சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி அங்கேதான். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். நம் பியூன் சின்ன வயதிலிருந்து ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். சாயங்காலம் வந்து இறங்கி, முகத்தில் அரிதாரம் பூசி, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டு, ஒரே பாடம். யார் எங்கே நிற்பது, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தத் தர்க்கம் என்பது தலைமுறையாக வகுக்கப்பட்டிருக்கும். தடுமாறினால் ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார். எங்களுக்கு அப்படிப்பட்ட பொதுச்சொத்து ஏதும் இல்லை. அதைத்தான் பதின்மூன்றரை மணி நேரத்தில் உண்டாக்கப் பார்த்தோம்.

பியூனுக்குப் படிக்கிற வேகம் குறைவு. நான் வாசிக்கக் கேட்டே பாடம் பண்ணினார். நாலாவது நாள் தாள் இல்லாமல் பேசிய முதல் ஆள் அவர்தான். அவர் அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மூலத்தில் போலி வைத்தியன் லத்தீன் தெரிந்த மாதிரி உளறுவான். லத்தீனுக்கு இங்கே என்ன செய்வது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பியூனே, "சார், எங்கப்பா வீட்ல திட்டறத சொல்லட்டா?" என்று கேட்டார். பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "கார்தாவூ! ரெப்போ! அன் அவான், மார்ஷ்!" என்று அவர் அணிவகுப்புக் கட்டளைகளை மந்திரம் போலச் சொன்னபோது சாப்பாட்டு அறையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான் எழுதியதில் இவ்வளவு நல்ல இடம் ஒன்றுகூட இல்லை.

இனிப் பண்ணையார் விஷயம். பெண்ணின் அப்பாவைப் பண்ணையாராக மாற்றியிருந்தேன். அந்த வேஷம் எங்கள் கண்காணிப்பாளருக்கு. அவரைப் போடாவிட்டால் சாப்பாட்டு அறைக்கு அனுமதி கிடைக்காது என்று செயலாளர் காதில் ஓதினார். ஆனால் அனுமதிக்காகத்தான் போட்டேன் என்று சொன்னால் பொய். உயரம், கனத்த குரல், முறுக்கு மீசை, பார்த்தாலே பண்ணையார். சிவாஜி படம் ஒன்று விடமாட்டார். "தம்பி, காலேஜ் நாள்லேர்ந்து ஆசை. யாரும் கூப்பிட்டதில்லை" என்றார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அலுவலகத்தில் என் மேலதிகாரி. ஒத்திகையில் மட்டும் நான் சொல்வதைக் கேட்டு நிற்பார். சொந்தச் செலவில் சரிகை அங்கவஸ்திரமும் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியும் வாங்கிவந்தார். வீட்டில் அம்மா எதிர் வசனம் வாசிக்க, தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் பழகுவதாகச் சொன்னார்.

பண்ணையாரின் முதல் பேச்சு ஏழெட்டு வரி. "வாங்க வைத்தியரே. பொண்ணுக்கு வாய் அடைச்சு இன்னியோட இருபத்தோரு நாள். பாக்காத பண்டுவம் இல்ல, வேண்டாத சாமி இல்ல. மாப்பிள்ளை வீட்டுல..." இந்த 'மாப்பிள்ளை வீட்டுல' வந்ததும் நின்றுவிடுவார். ஒவ்வொரு நாளும் அதே இடம். கண் கூரையைப் பார்க்கும். கை மீசைக்குப் போகும். பிராம்ட்டர் எடுத்துக்கொடுத்தால் அடுத்த இரண்டு சொல் வரும், மறுபடி நிற்கும். "வீட்ல நல்லா வந்துச்சு தம்பி" என்பார். நான் நம்பவில்லை.

ஏழாவது ஒத்திகை, புதன்கிழமை. சனிக்கிழமை விழா. அன்று மூன்று தடவை அதே இடத்தில் நின்றார். நான்காவது தடவையும் நின்றதும் என் வாயில் வந்துவிட்டது. "பாடம் வராதவங்க எதுக்கு சார் வேஷம் கேட்டு வாங்கணும்?"

எல்லோர் முன்னாலும் சொன்னேன். பியூன் முன்னால், டைப்பிஸ்ட் அம்மா முன்னால், அவர் தினமும் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி மேசை மேல் வைத்தார். "நீங்க சொல்றது சரிதான் தம்பி. நாள் இல்ல. வேற ஆளப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? முழு நாடகமும் பாடமாக இருந்தவன் நான் ஒருத்தன்தான். நானே பண்ணையார் ஆனேன். மறுநாள் அலுவலகத்தில், தான் நடிக்கத்தான் இவன் அவரைத் துரத்தினான் என்று பேச்சு. நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் வேஷம் என்னிடம் வந்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

விழா அன்று சாயங்காலம் மேக்கப் அறைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். அம்மாவும் பையன்களும் வருவதாக முன்பே சொல்லியிருந்தவர். கையில் ஒரு துணிப்பை. "பண்ணையாருக்கு இதெல்லாம் வேணுமே" என்று அங்கவஸ்திரத்தையும் கைத்தடியையும் எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. நேரமாகிக்கொண்டிருந்தது, மைக் ஒன்று வேலை செய்யவில்லை.

நாடகம் நன்றாகப் போயிற்று. பியூன் "கார்தாவூ" என்று கத்தியபோது நடு வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், பழைய சொல்தா, தன்னை அறியாமல் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். கூட்டம் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. பண்ணையார் பிரமாதம் என்று எனக்கும் கைகுலுக்கினார்கள். கண்காணிப்பாளர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார், கைதட்டினார். திங்கட்கிழமை அங்கவஸ்திரத்தைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டு, அவசரக் கோப்பு ஒன்றைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் நாடகம் போட்டோம். ஒவ்வொரு வருடமும் யாராவது அவரைக் கூப்பிடுவார்கள். "நமக்கு ஞாபகசக்தி போதாதுப்பா" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

நான்கு வருடம் கழித்து வேறொரு நாடகம். நல்ல ஞாபகசக்தி உள்ள இளைஞன் ஒருவன், அட்சரம் பிசகாமல் பேசிக்கொண்டிருந்தவன், திடீரென்று ஓரிடத்தில் நின்றான். ஏன் என்று கேட்டேன். "சார், நேத்து இந்த வசனத்த ஜன்னல் பக்கம் நடந்துக்கிட்டே சொல்லச் சொன்னீங்க. இன்னிக்கு நாற்காலில உட்காரச் சொல்லிட்டீங்க. கால் நின்னதும் வாயும் நின்னுடுச்சு" என்றான்.

அன்று ராத்திரி பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் யார் எங்கே நிற்பது என்று குறித்து வைப்பது என் வழக்கம். பண்ணையாரின் முதல் பேச்சு. இரண்டாம் ஒத்திகை: இடப்பக்கமிருந்து நுழைவு, 'மாப்பிள்ளை வீட்டுல' என்னும்போது வலப்பக்க மைக்குக்குப் போகணும். அந்தக் காலத்தில் மேடையில் இரண்டு மூன்று மைக்தான், அதன் அடியில் போய் நின்றால்தான் குரல் கேட்கும். நான்காம் ஒத்திகை: வலப்பக்கமிருந்து நுழைவு, அந்த இடத்தில் திரும்பணும். ஐந்தாம் ஒத்திகை: ஊஞ்சலில் உட்கார்ந்தபடி. ஊஞ்சல் கிடைக்கவில்லை. ஏழாம் ஒத்திகை: நின்றபடி, அந்த இடத்தில் வைத்தியரைச் சுற்றி வரணும். எல்லாம் என் கையெழுத்து. ஒன்பது நாளில் நான்கு தடவை அந்த மனிதரின் காலை மாற்றியிருக்கிறேன், அதுவும் சரியாக அதே சொல்லில். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னபோது அவருக்கு வராமல் என்ன!

எனக்குப் பாடம் காதில் ஒட்டியிருந்தது, கைகட்டி நின்று படித்த பாடம். அவரைப் போன்றவர்களுக்குப் பாடம் உடம்போடு ஒட்டுகிறது. மூன்று மாதம் ஒத்திகை இருந்தால் இயக்குநர் எத்தனை தடவை மாற்றினாலும் நடிகர் பிடித்துக்கொள்வார். பன்னிரண்டு நாள் என்றால் முதல் நாள் வைத்த அடியை, அது அவ்வளவு நன்றாக இல்லாவிட்டாலும், மாற்றக் கூடாது. நல்ல யோசனை பிறகு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தினமும் ஒரு நல்ல யோசனை வந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் மொலியேரின் மற்ற நாடகங்களைப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அவசர நாடகத்துக்கு அவரைவிடப் பெரிய ஆள் இல்லை. 1661இல் பதினான்காம் லூயி மன்னர் வந்த ஒரு விருந்துக்காகப் போட்ட 'லே ஃபாஷே' நாடகத்தை யோசித்து, எழுதி, பாடம் பண்ணி, நடித்ததெல்லாம் பதினைந்து நாளில் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். 1665இல் 'லாமூர் மெத்சேன்' ஐந்தே நாள். அந்தக் குழுவில் லா கிராஞ்ஜ் என்ற நடிகர் 1659இலிருந்து, அன்றன்று என்ன நாடகம், எவ்வளவு வசூல், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பதிவேடு எழுதிவந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது நம் ஆள் ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்கிறான் என்று சந்தோஷமாக இருந்தது.

1663இல் அவர் போட்ட 'வெர்சாய் அவசர நாடகம்' என்று பொருள்படும் சின்ன நாடகத்தில் கதையே ஒத்திகைதான். இரண்டு மணி நேரத்தில் மன்னர் வரப்போகிறார், நடிகர்கள் யாருக்கும் பாடம் வரவில்லை, மொலியேர் மொலியேராகவே வந்து அவர்களிடம் மன்றாடுகிறார். உரைநடைதானே, விஷயம் தெரியும், மறந்தால் சொந்தமாகப் பேசி நிரப்புங்கள் என்கிறார். செய்யுளைவிட உரைநடைதான் கஷ்டம் என்று ஒரு நடிகை திருப்பிக் கொடுக்கிறார். எவ்வளவு உண்மை! நம் ஸ்பெஷல் நாடகக்காரர்களைப் பாட்டு தூக்கிக்கொண்டு போகும், என் பண்ணையாருக்கு அப்படித் தூக்க எதுவும் இல்லை. கடைசியில் மன்னர் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்ப எல்லோரும் பிழைத்தார்கள். பாடம் வராத நடிகர்களை வைத்துக்கொண்டு, பாடம் வராததையே நாடகமாக்கிவிட்டார் அந்த மனிதர்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. பண்ணையார் கையில் ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொடுத்திருந்தால்? பெண்ணின் நோய்க்கு எந்த வைத்தியருக்கு எவ்வளவு செலவு என்று பார்த்துப் பார்த்துச் சொல்லும் கருமிப் பண்ணையார். நோட்டுக்குள் வசனத்தை ஒட்டியிருக்கலாம். அவர் தேடி நிறுத்துவதற்கே சிரித்திருப்பார்கள். கண்காணிப்பாளரை விட நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்குப் பொருத்தம்? அதன் பிறகு நான் போட்ட நாடகங்களில் பாடம் வராதவர் எவராயிருந்தாலும் கையில் ஒரு பத்திரிகையோ, கடிதமோ, பஞ்சாங்கமோ கொடுத்துவிடுவேன். யாரையும் வேஷத்திலிருந்து நீக்கியதில்லை. கண்காணிப்பாளரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 1996இல் அவர் ஓய்வு பெற்றுப் போனார். மாலை போட்ட அன்றும் பேசவில்லை.

2010 நவம்பர். நான் ஓய்வு பெற்று முதல் தடவையாக உயிர்வாழ் சான்று கொடுக்க பேங்குக்குப் போனேன். அந்த மாதக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் அவர். எழுபத்திரண்டு வயது. மீசை நரைத்து இறங்கியிருந்தது, குரல் மட்டும் அப்படியே. "என்ன தம்பி, நீங்களும் இந்த வரிசைக்கு வந்துட்டீங்களா" என்றார். அகவிலைப்படி, மூட்டுவலி, மருமகள், வெளிநாட்டுப் பேரன் என்று பேச்சு போயிற்று. அந்தக் கைத்தடி அவர் கையில் இருந்தது. வெள்ளிப் பூண் கறுத்துவிட்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தார்.

கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். "வாங்க வைத்தியரே. பொண்ணுக்கு வாய் அடைச்சு இன்னியோட இருபத்தோரு நாள்" என்று தொடங்கினார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாக்காத பண்டுவம் இல்ல, வேண்டாத சாமி இல்ல. மாப்பிள்ளை வீட்டுல..." எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் நிற்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுல மூணு தடவ ஆள் அனுப்பிட்டாங்க. பந்தக்காலுக்கு மூங்கில் வெட்டிப் போட்டது வெயில்ல காஞ்சு கெடக்கு" என்று ஏழெட்டு வரியையும் கடைசிவரை சொல்லி முடித்தார். அந்த மூங்கில் வரியை எழுதியவனே மறந்துபோயிருந்தேன்.

"பன்னெண்டு நாள்ல வரல தம்பி. ஒரு வருஷம் கழிச்சு வந்துடுச்சு. அப்புறம் போகவே இல்ல" என்று சிரித்தார்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன். நான்கு தடவை இடம் மாற்றியதைச் சொன்னேன். தப்பு என்னுடையது சார், உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மாகிட்ட இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ போய் மூணு வருஷம் ஆச்சு. சரியாப் படிச்சுக் காட்டலையோன்னு அவளுக்கு ஒரு கவலை" என்றார்.

அதற்குள் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கூடவே கவுண்டருக்குப் போனேன். பெயர், பென்ஷன் எண், விலாசம் எல்லாவற்றையும் படிவத்தில் நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவர் போட்டார், கோப்புகளில் போடுவாரே, அதே நீளக் கையெழுத்து.